ஞாயிற்றுக்கிழமைக்கு விட்ட வெற்று வரி

(எங்கள் பயிற்சி நிலையத்தில் புரோகிராமிங் படிக்க வரும் பிள்ளைகளுக்காக எழுதியது)

1. பெயர் இல்லை

கல்பிட்டிப் பக்கத்து மீனவர் சங்கம் ஒன்றின் ஒபிசுக்கு வியாழக்கிழமை தோறும் போய் கம்பியூட்டரைப் பார்த்துக் கொடுப்பது அப்போது என் வேலைகளில் ஒன்று. புத்தளம் தில்லையடியில் இருந்து பஸ் ஏறி, பாலாவியில் மாறி, போய்ச் சேரப் பின்னேரம் ஆகிவிடும். சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கடலுக்குப் போக நேவியிடம் பாஸ் எடுத்த காலம் போய், சங்கமே போட்களை, அதாவது மீன்பிடிப் படகுகளை, பதியத் தொடங்கியிருந்தது.

அந்த வியாழன் நான் உள்ளே போனபோது, வாசலோரம் வெறும் நிலத்தில் ஒரு பெண் இருந்தார். பக்கத்தில் இரண்டு கதிரைகள் சும்மா கிடந்தன.

"ஏன் அக்கா கீழ இருக்கிறீங்க? கதிரையில இருங்களேன்."

"இஞ்சயே இருக்கிறன் மிஸ். எழும்பினா மனேஜர் அப்பிடியே வீட்டுக்குப் போகச் சொல்லுவாரு."

அவர் பெயர் மெடில்டா. அவருடைய கணவர் செபஸ்தியானும், மெடில்டாவின் கூடப்பிறந்த தம்பி மரியானும் ஒரே போட்டில் தொழில் செய்பவர்கள். செவ்வாய் பின்னேரம் மூன்று மணிக்குக் கடலுக்குப் போனவர்கள் புதன் காலையில் கரைக்கு வந்திருக்க வேண்டும். இன்று வியாழன். வரவில்லை.

மனேஜர் மேசைக்குப் பின்னால் இருந்து என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார். சிலாபத்துக்காரர். உதவித் திட்டம் ஒன்றின் மூலம் இந்தச் சங்கத்துக்கு வந்தவர்.

"ஹாஜரா மிஸ், நல்ல நேரம் வந்தீங்க. இந்த அம்மாவுக்கு நீங்களே விளங்கப்படுத்துங்க. நேத்தும் லிஸ்ட் எடுத்தன், இண்டைக்கும் எடுத்தன். இவங்கட போட் அதுல இல்ல. வேற கரையில ஏறியிருப்பாங்க எண்டு சொன்னாக் கேக்கிறாங்க இல்ல."

இரண்டு தாள்களை என்னிடம் நீட்டினார். இரண்டிலும் தலைப்பு ஒன்று: திரும்பாத போட்கள். அதற்குக் கீழே ஒரே சொல்: இல்லை.

மெடில்டா அக்கா அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை.

"போட் கரையில இல்ல மிஸ். அது நிக்கிற இடம் வெறுமையாக் கிடக்கு. அதைப் பாக்கிறதுக்குக் கம்பியூட்டர் என்னத்துக்கு?"

பிள்ளைகளே, அந்தக் கேள்வியை உங்கள் கொப்பியில் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். தாளில் இருந்த 'இல்லை' என்ற அந்தச் சொல்லை எழுதியவள் நானேதான்.

2. நான் எழுதிய புரோகிராம்

அதற்கு முன்பு அந்தக் கரையில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். சங்கத்தின் கிளார்க் சூசை அண்ணன் ஒரு தடித்த புத்தகத்தில் எல்லாம் எழுதுவார். போன திகதி, போட் நம்பர், சொந்தக்காரர் பெயர், போன நேரம், வந்த நேரம். வந்த நேரம் எழுதாமல் ஒரு போட் கிடந்தால் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கரைக்கு நடந்து போவார். போட் நிற்கவில்லை என்றால் பக்கத்து ஆட்களிடம் விசாரிப்பார். பிறகு போனைத் தூக்கி, கப்பலில் போய்க் கடலில் தேடுகிற நேவிக்காரர்களுக்குச் சொல்லுவார். அவ்வளவுதான் அவருடைய முறை. அதில் ஒரு குறையும் இருக்கவில்லை. குறை சொன்னது புதிதாக வந்த மனேஜர்.

"ஒருத்தர் கண்ணால பார்த்து முடிவெடுக்கிறது சரியில்ல மிஸ். சிஸ்டம் ஒண்டு வேணும்."

என்னிடம் கேட்டார்கள். நானும் சந்தோசமாக ஓம் என்றேன். சூசை அண்ணன் எக்செல் தாளில் பதிவார். நான் எழுதும் புரோகிராம் தினமும் பின்னேரம் நாலு மணிக்கு அந்தத் தாளை மேலிருந்து கீழே வாசித்து, திரும்பி வராத போட்களின் பெயரை அச்சடிக்கும்.

இப்போது பாடத்தைக் கவனியுங்கள். இந்த வேலைக்கு இரண்டு விசயம் போதும். ஒன்று நிபந்தனை, அதாவது இஃப். 'வந்த நேரம் என்ற கட்டம் வெறுமையாக இருந்து, போன நேரத்தில் இருந்து இருபத்துநாலு மணித்தியாலம் கடந்திருந்தால், பெயரை அச்சடி.' மற்றது லூப். ஒரு வரியைப் பார்த்து முடித்ததும் அடுத்த வரிக்குப் போய் அதே கேள்வியைக் கேட்பது. இஃப் கேள்வி கேட்கிறது. லூப் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அந்தக் கேள்விக்கு முன்னால் நிறுத்துகிறது.

லூப்புக்கு எங்கே நிற்பது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். நான் எழுதியது டூ வைல் என்ற வகை. 'வரியில் ஏதாவது எழுதியிருக்கும் வரைக்கும் போய்க்கொண்டிரு. வெற்று வரி வந்தால் பட்டியல் முடிந்தது, நில்.' வகுப்பில் இதை நூறு தரம் கரும்பலகையில் எழுதியிருப்பேன். பத்துப் போட்களுக்குப் பொய்த் தகவல் போட்டு வீட்டில் சோதித்தேன். அழகாக ஓடியது. ஒரு திங்கட்கிழமை கொண்டுபோய்ப் போட்டேன். அந்த வாரமே ஒரு போட் பிந்தியது, அதன் பெயர் லிஸ்டில் வந்தது, அவர்களும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். மனேஜர் லிஸ்டைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்து உதவித் திட்டக்காரர்களுக்கு அனுப்பினார். போட்டோவில் நானும் இருக்கிறேன், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு.

அடுத்த நாளே மனேஜர் ஒரு சட்டம் போட்டார். இனிமேல் தேடச் சொல்லிக் கேட்பதென்றால் லிஸ்டில் பெயர் வர வேண்டும், அந்தத் தாளையும் இணைக்க வேண்டும். சூசை அண்ணன் தன் பாட்டுக்குப் போன் எடுக்கக் கூடாது.

நான் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். என் புரோகிராமுக்கு அவ்வளவு மரியாதை கிடைத்தது எனக்கு இனித்தது. இதை மறைத்து எழுத எனக்கு மனம் இல்லை.

3. வெற்று வரி

வியாழக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

சூசை அண்ணன் மூலையில் நின்றிருந்தார். அவரைக் கேட்டேன்.

"அண்ணன், செவ்வாய்க்கிழமை அந்தப் போட்டப் பதிஞ்சீங்களா?"

"பதிஞ்சன் மிஸ். என்ட கையால பதிஞ்சன். நேத்தே மனேஜர் சேருக்குச் சொல்லிட்டன். கரைக்கும் போய்ப் பாத்தன், போட் இல்ல."

மனேஜர் குறுக்கே விழுந்தார். "பதிஞ்சிருந்தா லிஸ்ட்ல வருமே. வரல்ல எண்டா, ஒண்டு நீங்க பதியல்ல, இல்லாட்டி அவங்க வந்து நீங்க வந்த நேரத்தப் போட்டிட்டீங்க. கம்பியூட்டர் பொய் சொல்லாது சூசை."

கம்பியூட்டர் பொய் சொல்லாது. இந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பத்திக்கொண்டு வரும். கம்பியூட்டர் உண்மையும் சொல்லாது. யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்ததை அது திருப்பிச் சொல்கிறது. அந்த யாரோ ஒருவருக்குச் சம்பளம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, அவள் அன்றைக்கு அந்த அறைக்குள்ளேயே கையில் தோள்பையோடு நின்றுகொண்டும் இருந்தாள்.

நான் கதிரையை இழுத்துப் போட்டு எக்செல் தாளைத் திறந்தேன். மேலே முதல் வாரம். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. அதற்குக் கீழே ஒரு வரி வெறுமை. அதற்குக் கீழே இந்த வாரம். இந்த வாரத்துச் செவ்வாயில் செபஸ்தியானின் போட் நம்பர். போன நேரம் இருந்தது. வந்த நேரம் இல்லை.

கேட்பதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது. இருந்தும் கேட்டேன்.

"சூசை அண்ணன், இந்த வரி ஏன் சும்மா கிடக்கு?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அது ஞாயிறு மிஸ். சனி பின்னேரம் ஒருத்தரும் போக மாட்டாங்க, ஞாயிறு காலையில பூசை தானே. ஞாயிறுக்கு ஒரு வரி விடணும். என்ட அப்பாவும் அப்பிடித்தான் புத்தகத்துல விட்டவர். ஒரு கிழமையும் மத்தக் கிழமையும் ஒட்டக் கூடாது."

ஊரில் யாராவது இறந்து ஒருவரும் தொழிலுக்குப் போகாத நாளுக்கும் அப்படித்தான், ஒரு வரி விடுவார்களாம். கடலோரத்துக் கத்தோலிக்க வேதக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். எனக்குத் தெரியாது. ஏனென்றால் நான் கேட்கவில்லை. அவருடைய பழைய புத்தகத்தை ஒரு தடவை புரட்டிப் பார்த்திருந்தால் பக்கத்துக்குப் பக்கம் அந்த வெற்று வரி தெரிந்திருக்கும். நான் தில்லையடியில் என் மேசையில் இருந்துகொண்டு பத்துப் பொய்ப் போட்களை வைத்துச் சோதித்தவள்.

என் லூப் அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கண்டதும் பட்டியல் முடிந்தது என்று நின்றுவிட்டது. திங்களில் இருந்து கடலுக்குப் போன ஒரு போட்டையும் அது பார்க்கவே இல்லை. முதல் வாரத்துப் போட்களை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்து, எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று தினமும் அச்சடித்துக்கொண்டிருந்தது.

அந்த வெற்று வரியை அழித்துவிட்டுப் புரோகிராமை ஓடவிட்டேன். பிரிண்டர் ஒரு பெயரைத் துப்பியது. செபஸ்தியான்.

மனேஜர் தாளை வாங்கி வாசித்தார். அதற்குப் பிறகுதான் போனைத் தூக்கினார். மெடில்டா அக்கா நேற்றுப் பின்னேரத்தில் இருந்து வாயால் சொன்ன அதே பெயர்தான். தாளில் வந்த பிறகு அது அவருக்கு உண்மையாகிவிட்டது.

எனக்கு அவர் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என் மேல் வந்ததை அதை விடச் சொல்ல முடியாது. சண்டைக் காலத்தில் மன்னாரில் இருந்து முஸ்லிம்களான எங்களை விரட்டியபோது நான் சின்னப் பிள்ளை. புத்தளத்தில் முகாமில் உம்மாவோடு எத்தனையோ வரிசைகளில் நின்றிருக்கிறேன். 'பட்டியல்ல பேர் இல்ல' என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து சொல்லும் குரல் எனக்கு நல்ல பழக்கம். ஆள் முன்னால் நிற்கும், பெயர் இருக்காது, போ என்பார்கள். படித்து வேலைக்கு வந்து நான் செய்து வைத்ததும் அதே பட்டியல்தான்.

4. கடல்

ஊரார் சும்மா இருக்கவில்லை. புதன் பின்னேரமே நாலைந்து போட்கள் பத்தலங்குண்டுத் தீவுப் பக்கம் வரைக்கும் போய்த் தேடிவிட்டு வந்திருந்தன. காற்று பெலமாக இருந்தது. சின்ன போட்களால் அதற்கு மேல் வெளியே போக முடியவில்லை. பெரிய கப்பல்தான் போக வேண்டும். அதைக் கூப்பிடும் வழியைத்தான் மனேஜர் ஒரு தாளால் அடைத்து வைத்திருந்தார்.

வியாழன் பின்னேரம் கேட்டதும் நேவிக்காரர்கள் உடனே வெளிக்கிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளி மத்தியானம், எஞ்சின் பழுதாகி நீரோட்டத்தோடு வெகுதூரம் போயிருந்த போட்டைக் கண்டுபிடித்தார்கள்.

செபஸ்தியான் உயிரோடு இருந்தார். மரியான் இல்லை.

எஞ்சினைத் தூக்கிப் பார்க்கும்போது அலை அடித்து, மரியானின் கால் அதன் விசிறித் தகட்டில் ஆழமாக வெட்டுப்பட்டிருக்கிறது. உடுத்திருந்த சாரத்தைக் கிழித்துக் காயத்தைக் கட்டியிருக்கிறார்கள். இரத்தம் நின்று நின்று வந்திருக்கிறது. கொண்டுபோன தண்ணீர் புதன் இரவோடு முடிந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் செபஸ்தியான் சொன்ன ஒரு வசனத்தை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

"வியாழன் பின்னேரம் வரைக்கும் நல்லாக் கதைச்சான். கப்பல் வரும் அத்தான், அக்கா சும்மா இருக்க மாட்டா எண்டு சொல்லிச் சொல்லி இருந்தான்."

அக்கா சும்மா இருக்கவில்லை. புதன் பின்னேரம் நாலு மணிக்கு ஒபிஸ் வாசலில் நின்றார். அந்த நேரமே போன் போயிருந்தால் வியாழன் மத்தியானம் கப்பல் அங்கே நின்றிருக்கும்.

5. 'கணினிக் கோளாறு'

அடுத்த கிழமை மனேஜர் திட்டக்காரர்களுக்கு ஒரு ரிப்போட் எழுதி, கையெழுத்துக்காக என்னிடம் தந்தார். மூன்று பக்கம். அதில் நடந்ததைப் பற்றி ஒரே வசனம்: 'எதிர்பாராத கணினிக் கோளாறு காரணமாகத் தகவல் தாமதமானது.'

"சேர், இதுல நான் சைன் பண்ண மாட்டன். கம்பியூட்டர்ல ஒரு கோளாறும் இல்ல. நான் எழுதிக் குடுத்தத அது அப்பிடியே செஞ்சது. பிழை என்ட. அதை என்ட பேர் போட்டு எழுதுங்க. அந்தப் பொம்புள வந்து சொன்னதுக்குப் பிறகும் நீங்க போன் எடுக்கல்ல. அதை உங்கட பேர் போட்டு எழுதுங்க."

"மிஸ், ஏன் இப்பிடிச் சூடாகுறீங்க? ரிப்போட்ல ஆட்கள்ட பேர் எழுதுற வழக்கம் இல்ல."

"மௌத்தான மரியான்ட பேர் எழுதியிருக்கிறீங்களே."

கையெழுத்து வைக்காமல் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். நான் தனியாக ஒரு பக்கம் எழுதித் திட்டக்காரர்களுக்கு அனுப்பினேன். அதற்குப் பதில் வரவே இல்லை.

அதற்குள் அவர் இன்னொரு வேலையும் செய்திருந்தார். சூசை அண்ணனைக் கூப்பிட்டு, 'இனி ஞாயிற்றுக்கு வரி விடக் கூடாது, அதுதான் எல்லாப் பிரச்சினைக்கும் காரணம்' என்று எழுத்தில் கொடுத்திருந்தார். அந்த மனிதர் அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். மரியானின் சாவுக்குத் தான்தான் காரணம் என்று அவர் நம்பத் தொடங்கியிருந்தார்.

நான் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு மனேஜரிடம் போனேன்.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு நான் கிளாஸ் மூடுறன். அதை ஒருத்தரும் பிழை எண்டு சொல்லல்ல. இவங்கட ஞாயிறு மட்டும் எப்பிடிப் பிழை ஆகும்? நான் வாறதுக்கு எவ்வளவோ காலம் முந்தி அந்த வரி அந்தப் புத்தகத்துல இருந்திருக்கு. அதைப் பாக்காம எழுதினவ நான். சூசை அண்ணன் இனியும் வரி விடுவாரு."

லூப்பை மாற்றினேன். மாற்றியது சின்ன வேலை. முதலில் தாளின் அடியில் இருந்து மேலே வந்து கடைசியாக எழுதிய வரி எது என்று கண்டுபிடி. பிறகு முதலாம் வரியில் இருந்து அந்தக் கடைசி வரி வரைக்கும் ஒன்று விடாமல் போ. வெற்று வரி வந்தால் தாண்டிப் போ, நிற்காதே. எண்ணிக்கை வைத்து ஓடும் ஃபோர் லூப்பில் மூன்று வரி, தேநீர் ஒன்று குடிக்கும் நேரம். அவ்வளவு சின்ன வேலையைத்தான் நான் முதலில் செய்யாமல் விட்டிருந்தேன்.

6. மெடில்டா அக்கா வீட்டில்

நாற்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். பிழை என்னுடையது என்று நேரே சொல்லாமல் இருந்தால் எனக்குத் தொழுகையும் தொழுகையாக இருக்காது.

தேத்தண்ணி தந்தார். நான் சொல்லத் தொடங்கினேன். வெற்று வரி வந்தால் பட்டியல் முடிந்தது என்று எழுதியிருந்தேன், ஞாயிற்றுக்கு வரி விடுவீர்கள் என்று தெரியாது, அதனால் திங்களில் இருந்து போன ஒருவரையும் அது பார்க்கவில்லை. அவர் கடைசி வரைக்கும் கேட்டார்.

"அதை நீங்க இப்ப சரியாக்கிட்டீங்களா?"

"ஓம் அக்கா."

"சரி. அப்ப அந்தத் தாள் இனிப் பிழைக்காது. ஆனா மிஸ், தாள் பிழைச்சது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் வந்து சொன்னனே. என்ட கதைய உங்கட கம்பியூட்டர்ல எந்த இடத்துல எழுதுறது?"

எந்த இடத்திலும் இல்லை. பஸ்சில் திரும்பி வரும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்தேன். திகதிக்கு ஒரு கட்டம் வைத்தேன், நம்பருக்கு ஒரு கட்டம் வைத்தேன், நேரத்துக்கு இரண்டு கட்டம் வைத்தேன். ஒரு மனுசி வந்து 'வரவில்லை' என்று சொன்னால் அதைப் பதிய ஒரு கட்டம் வைக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை வைத்தேன். கட்டத்தின் பெயர் 'ஆள் வந்து சொன்னார்'. புரோகிராமின் முதலாவது இஃப் அதுதான். கட்டத்தை நிரப்பிய உடனே அது ஓடும், நாலு மணிக்கும் லூப்புக்கும் இருபத்துநாலு மணித்தியாலக் கணக்குக்கும் காத்திருக்காது. 'ஆள் வந்து சொன்னால், தேடும்படி கேள்.' அதற்கு எல்ஸ், அதாவது 'இல்லாவிட்டால்', கிடையாது, வேறு நிபந்தனையும் கிடையாது. இந்தக் கட்டமும், சூசை அண்ணன் நேரே போன் எடுக்கும் உரிமையும் இல்லாவிட்டால் புரோகிராமைப் பாவிக்க விடமாட்டேன் என்று சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று சொன்னேன். மீனவர்கள் எல்லோரும் கை உயர்த்தினார்கள். மனேஜரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"பொய்யாச் சொன்னா என்ன செய்யிறது மிஸ்?" என்று மட்டும் கேட்டார்.

"புருசன் கடல்ல காணாமப் போயிட்டாரு எண்டு பொய் சொல்ற பொம்புள ஒருத்திய எனக்குக் காட்டுங்க சேர்."

சில மாதம் கழித்து அப்படி ஒன்று நடந்தது. பொய் இல்லை, பயம். கல்யாணம் முடித்துப் புதிதாக வந்த ஒரு பிள்ளை மத்தியானமே ஓடி வந்து, மாப்பிள்ளை வரவில்லை என்று அழுதது. சூசை அண்ணன் கட்டத்தை நிரப்பினார், போன் எடுத்தார், கப்பல் வெளிக்கிட்டது. மாப்பிள்ளை கண்டக்குழிப் பக்கம் கரையேறி, தாய்மாமன் வீட்டில் சோறு தின்றுவிட்டு நல்ல நித்திரையில் இருந்திருக்கிறார். ஊரே சேர்ந்து அவருக்கு ஏசியது.

மனேஜர் எனக்குப் போன் எடுத்தார். "பாத்தீங்களா மிஸ், உங்கட இஃப் செஞ்ச வேலைய? பிழையான தகவல் எண்டு பதியச் சொல்லியிருக்கிறன்."

"பதியுங்க சேர். ஆள் உயிரோட இருக்கிறாரு எண்டும் சேத்துப் பதியுங்க."

பிள்ளைகளே, நான் படித்த பாடம் இதுதான். எந்த நிபந்தனையும் ஒரு நாள் பிழைக்கும். நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பிழைக்கும். அதனால் ஒவ்வொரு இஃப் எழுதும்போதும் கேளுங்கள்: இது பிழைத்தால் யாருக்கு நட்டம்? கப்பல் ஒரு நாள் சும்மா போய் வருவது ஒரு பிழை. கரையில் ஒருத்தியை நிலத்தில் இருத்தி வைத்துவிட்டுக் கப்பல் போகாமல் இருப்பது இன்னொரு பிழை. எந்தப் பக்கம் பிழைக்க வேண்டும் என்று தீர்மானிப்பது நீங்கள். அதைக் கம்பியூட்டரின் தலையில் கட்டாதீர்கள். பட்டியலை எழுத முன்பு, அந்தப் பட்டியலைக் கையால் எழுதியவரிடம் போய் இருங்கள். அவருடைய புத்தகத்தில் வெறுமையாகக் கிடக்கும் இடங்களைப் பற்றி முதலில் கேளுங்கள்.

அந்த மாப்பிள்ளையின் கதையை மெடில்டா அக்காவிடம் போய்ச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தவர், அதில் இருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் புள்ள எத்தின மணிக்கு ஒபிசுக்கு வந்தவ?"

"பன்னெண்டு மணிக்கு."

"கப்பல் எத்தின மணிக்கு வெளிக்கிட்டது?"

"ஒரு மணி ஆகல்ல அக்கா."

"ஒரு மணி ஆகல்ல," என்று மெடில்டா அக்கா திருப்பிச் சொன்னார். பிறகு வலையை மடியில் இருந்து இறக்கி வைத்துவிட்டு, எழும்பி உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை.